வாய்க்குக் கட்டிய காப்பு

நாலாம் ஆண்டில் எங்கள் வகுப்பில் இருந்த எல்லா நாற்காலிகளிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பில் முன்னேறி இடம் மாறியவள் என்று நினைத்துவிட வேண்டாம். என் வாயைத் தாங்க முடியாமல் டீச்சர் என்னை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். முதலில் என் தோழியிடமிருந்து பிரித்து, ஊமைக்கோட்டான் என்று பேரெடுத்த ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரே வாரத்தில் அவன் தன் வீட்டு மீன் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, டீச்சர் உள்ளே வந்த பிறகும் நிறுத்தவே இல்லை. அவன் அம்மா பள்ளிக்கு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் சொல்லவில்லை.

அடுத்து சுவரோரம் போட்டார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. யாரும் இல்லாத குறைக்கு அதனிடம் பேசினேன். பிறகு அலமாரிக்குப் பக்கத்தில். கடைசியில் வேறு வழி தெரியாமல் தன் மேசைக்கு எதிரிலேயே, மூக்குக்கு நேராக உட்கார வைத்தார். அதைவிடப் பெரிய தப்பை அவர் அந்த வருஷத்தில் செய்யவில்லை. அதுவரை மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தவள் டீச்சரிடமே பேச ஆரம்பித்தேன். இது நேற்றுப் போட்ட தோடுதானா, நண்டுக் குழம்பில் புளி ஊற்றுவீர்களா, உங்கள் காரில் ஏன் எப்போதும் மணல் கிடக்கிறது என்று ஒன்று விடாமல் கேட்டேன்.

டீச்சர் கோத்தா கோலா மூடா என்ற கடலோர ஊரிலிருந்து வருபவர். அப்பா மீன் பிடிக்கிறவர், வேதக்காரக் குடும்பம். கழுத்தில் சின்னதாக ஒரு வெள்ளிச் சிலுவை இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிற வகுப்புதான் நல்ல வகுப்பு என்பது அவர் கட்சி. பாடத்தின் நடுவே சட்டென்று நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

"ஃபேன் சத்தம் கேக்குதா?"

"கேக்குது டீச்சர், ஆனா அது கொஞ்சம் கடகடன்னு இருக்கு, எங்க வீட்டு ஃபேனும் இப்படித்தான் ஆச்சு, அப்பா எண்ணெ போட்டாரு."

"வாய மூடு."

இப்போது நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு பேரங்காடியில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறேன். காணாமல் போன பிள்ளை, மலிவு விலை முட்டை, வழியை மறித்து நிற்கும் கார் எல்லாவற்றையும் நான்தான் சொல்கிறேன். பேசுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த நாளில் இதையெல்லாம் யாராவது டீச்சரிடம் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். என்னிடம் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஏனென்றால் அந்த வருஷம் என் குரல் போகத்தான் பார்த்தது.

அப்போது நாங்கள் செமிலிங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா எண்ணெய்ப் பனையான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அண்ணன் இடைநிலைப் பள்ளியில் படித்தான். வீட்டில் என் பேச்சு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. லாரியில் ரேடியோ கெட்டுப்போனபோது அப்பா அதைப் பழுது பார்க்காமல் என்னைத்தான் ஏற்றிக்கொண்டு போனார். பிரச்சினை தேர்ச்சி அறிக்கை வாங்கப் போன நாளில்தான் வந்தது. அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"படிப்புல குறையே இல்லம்மா. ஆனா இந்த வாய் இருக்கே, என்னால முடியல. நான் பாடம் நடத்துறேனா இவ நடத்துறாளான்னு எனக்கே தெரியல" என்றார் டீச்சர்.

"வீட்லயும் இப்படித்தான் டீச்சர்" என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

"ஏதாச்சும் பண்ணுங்கம்மா. இவளால மத்த புள்ளைங்களும் கெட்டுப் போவுது."

அம்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. பக்கத்தில் காத்திருந்த பெற்றோர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். "மீன் தொட்டி பையனோட அம்மா நன்றி சொன்னாங்களே டீச்சர்" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மோட்டார் சைக்கிளில் வரும் வழியெல்லாம் அவருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டு வந்தேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் மோட்டாரை நிறுத்தினார்.

"தாயே, இவ வாய கொஞ்சம் அடக்கிக் குடு. இந்தத் திருவிழாவுல பால்குடம் தூக்க வெக்கிறேன். காப்பு கட்டுனதுலேர்ந்து அவுக்கிற வரைக்கும் பேச்சு மூச்சு இருக்காது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"யாரும்மா பேசாம இருக்கப் போறது?"

"நீதான்."

"நான் நேந்துக்கலயே."

"நான் நேந்துக்கிட்டேன் இல்ல."

எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். நேர்ந்துகொள்வது அம்மா, அனுபவிப்பது நாங்கள். முந்தின வருஷம் அண்ணனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அம்மா நேர்ந்துகொண்டார், அண்ணனுக்கு மொட்டை விழுந்தது. மொட்டையாவது வளர்ந்துவிடும். என் விஷயம் அப்படியில்லை. திருவிழா தொடங்கும்போது மணிக்கட்டில் மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டுவார்கள், அதுதான் காப்பு. கட்டிவிட்டால் நேர்ந்தது நேர்ந்ததுதான், அவிழ்க்கும் வரை மீறக் கூடாது.

"காப்போட பேசினேன்னு வெச்சுக்கோ, ஆத்தா குடுத்த குரல ஆத்தாவே திருப்பி எடுத்துக்குவா. அப்புறம் ஆயுசுக்கும் ஊமைதான்" என்றார் அம்மா.

அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனான். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆசுபத்திரியில்கூடப் பிரிக்க முடியாது என்றான். நான் அதை அப்படியே நம்பினேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஓட்டப் பந்தயத்தில் நான் கடைசி. கணக்கில் சுமார். ஆடல் பாடல் ஒன்றும் வராது. எனக்கென்று இருந்தது இந்தக் குரல் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நான் யார், என்னை யார் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

கெடா மாநிலத்தில் எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். வரிசையில் நிற்கும்போதே என்னிடமிருந்த பேச்சையெல்லாம் தீர்த்துவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா காது வலிக்கிறது என்று எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கேயும் திரும்பிப் பேசினேன். பூசாரி நூலை முடிச்சுப் போடும்போது, "அவ்வளவுதானா இன்னும் இருக்கா பாப்பா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடிச்சு விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி வாசலில் அம்மா டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நல்ல விஷயம்மா. எங்களுக்கும் தவக்காலத்துல ஒறுத்தல்னு இருக்கு. எனக்குப் புரியுது. நான் அவள எதுவும் கேக்க மாட்டேன்."

அன்றைக்கு வகுப்பில் மின்விசிறிச் சத்தம் ஜம்மென்று கேட்டது. டீச்சர் வெண்பலகையைத் துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். எனக்கோ உள்ளே புழுங்கியது. மீன் தொட்டிப் பையன் ஒரு மீன் செத்துப்போனதைச் சொன்னான், எப்படிச் செத்தது என்று கேட்க முடியவில்லை. பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் எனக்குக் காய்ச்சலா என்று அம்மாவுக்குப் போன் போட்டார். வீட்டுக்குப் போனால் என் அண்ணன் வேண்டுமென்றே, "மலேசியாவோட தலைநகரம் ஈப்போதானே?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பான். பாவி, இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு நாள் போனதும் டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டார். அவர் ஒரு கேள்வி கேட்டால் வகுப்பில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எப்போதும் முதலில் நான்தான் எதையாவது உளறுவேன். அது தப்பாக இருந்தால் திருத்துவதற்கு நாலு பேர் எழுந்திருப்பார்கள், சரியாக இருந்தால் பொறாமையில் நாலு பேர் எழுந்திருப்பார்கள். இப்படித்தான் எங்கள் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பித்து வைக்க ஆளில்லாமல் எல்லாரும் என் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

அதற்கும் யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமை மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வந்தவர். கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். பின்னால் எங்கள் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைய பாடம் என்ன தெரியுமா? பேச்சுப் பயிற்சி. படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கதை சொல்ல வேண்டும்.

டீச்சர் படத்தை ஒட்டினார். ஒரு பாசார் மாலாம். ராத்திரிச் சந்தையில் ஓர் ஆடு, வாயில் கங்கோங் கீரைக் கட்டு, தலைதெறிக்க ஓடுகிறது. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் துரத்துகிறார். அப்பம் பாலிக் என்கிற மடிப்பு அப்பம் விற்கிற கடை சாய்ந்து கிடக்கிறது. கடைக்காரம்மா தலையில் கை வைத்திருக்கிறார். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கல் நெஞ்சு வேண்டும்.

"இந்தப் படத்துல என்ன நடக்குது? யாராச்சும் சொல்லுங்க பார்ப்போம்."

மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"பயப்படாதீங்க. என்ன தெரியுதோ அத சொல்லுங்க."

"ஆடு" என்றாள் ஒருத்தி.

"நல்லது. ஆடு என்ன பண்ணுது?"

"ஓடுது."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. டீச்சர் மீன் தொட்டிப் பையனை எழுப்பினார். அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான், உட்கார்ந்துவிட்டான். அதிகாரி எதையோ எழுதினார்.

"என்ன டீச்சர், புள்ளைங்க இவ்ளோ அமைதியா இருக்காங்க?"

"அமைதியான வகுப்பு சார்."

"இது பேச்சுப் பாடமாச்சே."

டீச்சர் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது என்னைப் பார்த்தார். வருஷம் முழுக்க என்னை முறைத்த கண்கள் அன்றைக்கு முறைக்கவில்லை. பார்வை கீழே இறங்கி என் மணிக்கட்டில் இருந்த காப்பில் நின்றது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். கேட்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னவர், கேட்கவே இல்லை.

அவர் கேட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பின்னால் அதிகாரி இன்னொரு வரி எழுதினார். நான் எழுந்து நின்றேன். குரல் போனால் போகட்டும் என்று தைரியமாக நினைத்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். இதுதான் கடைசியாகப் பேசுவது, இதையாவது ஒழுங்காகப் பேசிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"அது மெர்போக் ஊரு ஆடு சார்" என்றேன்.

வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கைலிக்காரரு மக கல்யாணத்துக்கு பிரியாணி போட இத வாங்கினாரு சார். வாங்கி மோட்டார் கூடையில வெச்சு கொண்டாந்தாரு. வர்ற வழியில செமிலிங் பாசார் மாலாம்ல அப்பம் பாலிக் வாங்க நின்னாரு. அப்ப போன் வந்துச்சு. நாளைக்கு எத்தன பேருக்கு பிரியாணின்னு அவரு பேசுனத ஆடு கேட்டுருச்சு சார்."

"அது கயித்த கடிச்சிருச்சு" என்றான் மீன் தொட்டிப் பையன்.

"கயிறு இல்ல, சங்கிலி" என்றான் இன்னொருத்தன்.

"ஆடு எப்படிடா சங்கிலிய கடிக்கும்?"

நாலு பேர் எழுந்தார்கள், பிறகு எட்டுப் பேர். ஆடு அப்பம் பாலிக் கடையைத் தள்ளியது, கங்கோங்கைப் பிடுங்கியது, தண்ணீர் விற்கிறவரின் குடைக்கு அடியில் ஒளிந்தது. அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆடு மெர்போக் ஆற்றங்கரைக்கு வந்து ஒரு படகில் குதித்த இடத்தில் மணி அடித்துவிட்டது.

"ரொம்ப நல்ல பாடம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். டீச்சர் ஓடி வந்து என் முன்னால் குனிந்தார்.

"ஏன் அழுவுற? நல்லாத்தானே சொன்ன."

தலையை ஆட்டினேன்.

"அவளுக்கு குரல் போயிருக்கும் டீச்சர். காப்போட பேசிட்டா" என்று பின்னாலிருந்து சொன்னார்கள்.

"அப்படியெல்லாம் போவாது. ஒரு வார்த்த பேசிப் பாரு. எதுனாலும் சரி, பேசு."

வருஷம் முழுக்க வாய மூடு என்றவர் பேசு பேசு என்று கெஞ்சினார். நான் திறக்கவே இல்லை. திறந்து பார்த்து, சத்தம் வராமல் போனால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது? திறக்காத வரைக்கும் குரல் உள்ளே இருந்தாலும் இருக்கலாம்.

பள்ளி முடிந்ததும் டீச்சரே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததை அவரால் தாங்க முடியவில்லை. தானாகவே பேச ஆரம்பித்தார். அப்பாவுடைய படகு, வலையில் சிக்கிய ஆமை, மீன் திருடுகிற மூன்று கால் பூனை, காரில் இருக்கும் மணல் எந்தக் கடற்கரை மணல் என்பது வரை சொன்னார். நான் எப்போதோ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. நண்டுக் குழம்பில் புளி ஊற்றுவார்களாம்.

அம்மா கோயிலில் மற்றப் பெண்களோடு பால்குடங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் செத்துப்போனது.

"பேசிட்டியாடி?" என்றார். அடிக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

"அவள திட்டாதீங்கம்மா. நான் கேக்கல. ஆனா அவளப் பார்த்தேன். நான் பார்த்ததாலதான் பேசினா. தப்பு என்னுது" என்றார் டீச்சர்.

தப்பு என்னுது என்று ஒரு டீச்சர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

பூசாரி வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "இதுக்கு ஏன்லா இவ்ளோ கவலப்படுறீங்க? காவடி தூக்க முடியாம பாதியில ஒருத்தன் விழுந்தா அவன் தம்பி தூக்குறது இல்லயா? விட்ட இடத்துலேர்ந்து யாராச்சும் ஏத்துக்கிட்டா ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

"நான் ஏத்துக்கிறேன்" என்றார் அம்மா.

"உனக்கு நாளைக்கு வேல இருக்குல்ல? ஃபேக்டரி லைன்ல நின்னுக்கிட்டு பேசாம எப்படி இருப்ப?" என்று பூசாரி கேட்டார்.

"நான் இருக்கேன்" என்றார் டீச்சர்.

பெண்கள் குடம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்கள். "நீங்க வேதக்காரங்களாச்சே டீச்சர்" என்று அம்மா தயங்கினார்.

"காப்பு கட்டிக்க மாட்டேன்மா. பால்குடமும் தூக்க முடியாது, அத அவளே தூக்கட்டும். சனிக்கிழம காப்ப அவுக்கிற வரைக்கும் பேசாம இருக்கிறது என்னால முடியும். கூட நடந்தும் வரேன்."

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். "வாய மூடுறதுக்கு எந்தச் சாமியா இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்த் திருநீறு எடுத்து வந்தார். என் நாக்கில் துளி வைத்தார். "இப்ப பேசு பாப்பா."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"எனக்குப் பசிக்குது" என்றேன்.

குரல் இருந்தது. என்னுடைய குரல்தான், அதே கீச்சுக் குரல். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பிறகு நான் நிறுத்தவில்லை. அந்த ஆறு நாள் பாக்கியை ஒரே மூச்சில் கொட்டினேன். டீச்சர் பழக்க தோஷத்தில் "வாய" என்று ஆரம்பித்து, நினைவு வந்து, கைக்குட்டையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் டீச்சர் சொன்னபடி வந்தார். வெள்ளைப் பஞ்சாபி உடை, கையில் கைக்குட்டை, காலில் செருப்பில்லை. பின்னால் அவர் வீட்டுக்காரர் வந்தார். வியாழன் மத்தியானத்திலிருந்து வீட்டில் டீச்சர் பேசவில்லை என்றும், அடுத்த வருஷமும் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வரத் தான் தயார் என்றும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஓடைக்கரையிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. தலையில் பால்குடத்தோடு என்னால் கழுத்தைத் திருப்ப முடியாது. நேராகப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நடந்த டீச்சரிடம் பேசினேன். பதில் சொல்ல முடியாத, இடம் மாற்ற முடியாத டீச்சர். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

"நீங்க என்ன இடம் மாத்திக்கிட்டே இருந்தீங்கல்ல டீச்சர், எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? நான் வேணும்னே பேசல. வந்துருது. வீட்டுக்குப் போயி எத்தனையோ தடவ அழுதிருக்கேன்."

டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. செம்பனைக் காட்டு வழியில் ஒரு பள்ளம் வந்தது. ஆடிய குடத்தை அவர் கை வந்து பிடித்துக்கொண்டது. பள்ளம் தாண்டிய பிறகும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

"சாமி பேர சொல்லிக்கிட்டு வாடி" என்று அம்மா பின்னாலிருந்து முதுகில் குத்தினார்.

"ஓம் சக்தி" என்றேன். "அந்த ஆடு படகுல குதிச்சதா டீச்சர், படகு ஆத்தோட போயி கடலுக்கே வந்துருச்சு. அப்புறம் கரையோரமாவே போயி நேரா உங்க ஊருக்கு, கோத்தா கோலா மூடாவுக்கு வந்துருச்சு. பார்த்தா கரையில அந்தக் கைலிக்காரரு மோட்டாரோட நிக்கிறாரு. கையில கயிறு."

கோயில் வந்துவிட்டது. மேளம் காதைப் பிளந்தது. குடத்தை வாங்கிக்கொண்டு போய் அம்மனுக்குப் பால் ஊற்றினார்கள். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பை அவிழ்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சிருச்சு டீச்சர். நீங்களும் இனிமே பேசலாம்."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அம்மா, அப்பா, டீச்சர் வீட்டுக்காரர், குடம் தேய்த்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழியெல்லாம் அப்படிப் பேசியிருக்கிறேன், என்ன வரப் போகிறது என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்த ஆட்ட பிடிச்சாங்களா, இல்லயா?"